செவலைக்கு ஊற்றிய மருந்து

கன்று போட்ட எட்டாம் நாள் செவலைப் பசு தீனியைத் தொடவில்லை. உடம்பில் சர்க்கரைச் சத்து குறைந்திருக்கிறதென்று புரொப்பிலீன் கிளைகால் பாட்டில் வாங்கிப் புகட்டச் சொன்னார் மாட்டு டாக்டர். அழகுமலைக்குச் சிரிப்பு வந்தது. ராயப்பன்பட்டி திராட்சைக் கிட்டங்கியில் கூலிங் மெஷினுக்கு அதை இருபது வருசமாக ஊற்றுகிறவனே அவன்தான்.

“கடையிலயே வாங்கிருவோமே,” என்றாள் மனைவி சங்கிலியம்மாள்.

“அட போடி. பழத்துல சிந்துனாலும் ஒண்ணும் செய்யாது. ஐஸ்கிரீம்லயே ஊத்துறாக.”

கிட்டங்கிப் பேரலிலிருந்து பிடித்துவந்து புகட்டினான். இனிப்புக்கு ஆசைப்பட்ட செவலை அவன் விரல்களையும் நக்கியது.

மூன்றாம் நாள் விழுந்தது, எழவேயில்லை. “எங்கன வாங்குன?” என்று டாக்டர் கேட்டதும் கிட்டங்கிக்கு ஓடிப் பேரலைப் புரட்டினான். எத்திலீன் கிளைகால் என்றிருந்தது. லாரி ரேடியேட்டரில் ஊற்றுகிற விஷம். மலிவாகக் கிடைக்கிறதென்று போன மாசம் முதலாளி மாற்றியிருந்தார். அதை லாரியிலிருந்து இறக்கி வைத்தவனும் அழகுமலைதான். எப்போதும் வருகிற சரக்குதானே என்று லேபிளைப் படிக்கவில்லை, பெரிய தொழில்காரன்!

வீட்டுக்கு வந்தான். பால் கிடைக்காத கிடேரிக்கன்று முட்டிக்கொண்டு வந்து அவன் விரலைச் சப்பத் தேடியது. பேரலைத் தொட்ட பிசுபிசுப்பு இன்னும் கையில் இருந்தது. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, “வேணாம் ஆத்தா, வேணாம்,” என்று அழுதான்.