சகலையின் வலது பக்கம்

அன்றைக்கும் அவர்கள் ஒரு பெனால்டியைப் பற்றித்தான் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அது பல வருஷத்துக்கு முன்னால் அடித்த பெனால்டி. அடித்தவனே மறந்திருப்பான்.

கண்ணாடிக் கடையின் பின்னறையில், லென்ஸ் தேய்க்கும் மெஷினுக்குப் பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் சின்னவன் உட்கார்ந்திருந்தான். பஸ் டிரைவர் சீருடை, மேல் பட்டன் திறந்து, டீ டம்ளர் கையில். ஒரு டிரிப்புக்கும் அடுத்த டிரிப்புக்கும் நடுவில் அவன் வந்து போகிற இடம் அது. கண்ணாடிக்காரர் யாருடைய ஃபிரேமையோ சூடு காட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தார். அவர் மூத்த மாப்பிள்ளை, இவன் இளைய மாப்பிள்ளை. அக்காவை அவர் கட்டினார், தங்கையை இவன் கட்டினான். ஆக, சகலைகள்.

"வலது பக்கம்தான் சகலை அடிச்சான். சத்தியம் பண்ணட்டுமா?"

"இடது பக்கம். நீ சத்தியம் பண்ணா பந்து திரும்பி வந்து வலது பக்கம் போகுமா?"

"என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

"நீ எங்க பார்த்தே? டிவிக்கு முதுகக் காட்டிக்கிட்டு என் மூஞ்சியத்தானே பார்த்துக்கிட்டு இருந்தே."

"உங்க மூஞ்சியில எல்லாம் தெரியும்."

"கோல்னா சிரிப்பேன், இல்லைன்னா முழிப்பேன். இடது வலதெல்லாமா தெரியும்?"

"அது தொழில் ரகசியம் சகலை."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். வழக்கம்போல அவர் மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றி, தன் சட்டை நுனியால் துடைத்தான். வழக்கம்போல அவரும் கத்தினார். "சட்டைத் துணியால துடைக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது? கீறல் விழும்டா!"

"கண்ணாடிக்காரர் வீட்டுக் கண்ணாடிதான் எப்பவும் அழுக்கு" என்று சொல்லி, அதை அவர் முகத்திலேயே மாட்டிவிட்டு, "நாளைக்கு வீடியோவத் தேடி எடுத்துட்டு வரேன். தோத்தவன் ஒரு வாரம் வாயைத் திறக்கக் கூடாது" என்றான்.

அன்று சாயங்காலம் கடைசி நிறுத்தத்தில் பஸ்ஸை ஒழுங்காக ஓரம் கட்டி, பிரேக் போட்டு, எல்லோரும் இறங்கக் கதவைத் திறந்துவிட்டு, ஸ்டியரிங் மேல் தலை வைத்துப் படுத்தான். தூங்குகிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

சகலைகள் என்றால் எலியும் பூனையுமாக இருப்பதுதான் உலக வழக்கம். மாமியார் யாருக்கு முதலில் பரிமாறினாள், யாருக்குப் பெரிய நாற்காலி போட்டாள் என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கண்ணாடிக்காரரும் புது மாப்பிள்ளை வரப்போகிறான் என்றதும் கொஞ்சம் விறைப்பாகத்தான் இருந்தார். கல்யாணம் முடிந்து சின்னவன் முதன்முதலாக மாமனார் வீட்டு விருந்துக்கு வந்த அன்று டிவியில் கால்பந்து ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் இரண்டு மூலையில், பேச என்ன இருக்கிறது என்று தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரெஃபரி பெனால்டிக்கு விசில் ஊதினார். அவ்வளவுதான். புது மாப்பிள்ளை பட்டு வேட்டியோடு எழுந்து ஓடிவந்து, டிவிக்கு முதுகைக் காட்டி, கண்ணாடிக்காரரின் முட்டியில் முட்டி இடிக்க எதிரே உட்கார்ந்து, அவர் முகத்தை முறைத்துப் பார்க்க ஆரம்பித்தான்.

"என்ன?" என்றார் இவர், பயந்துபோய்.

"என்னைப் பார்க்காதீங்க. மேட்சப் பாருங்க. கண்ண மட்டும் சிமிட்டாதீங்க."

கோல் விழுந்தது. கண்ணாடிக்காரர் தன்னை மறந்து கத்தினார். அவனும் கத்தினான். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த மாமியார், "ஏண்டி, நல்லா விசாரிச்சுத்தானே குடுத்தோம்?" என்று பெரிய மகளிடம் கேட்டாள். அந்தக் கேள்வி பிறகு அந்தக் குடும்பத்தின் பழமொழியாகவே ஆகிவிட்டது.

இரண்டு பேருக்கும் பிடித்தது ஒரே அணி. சிவப்புச் சட்டை போட்ட, தோற்பதற்கென்றே வரம் வாங்கி வந்த அணி. ஜெயிக்கிற அணியைப் பிடிக்க யாருக்கும் காரணம் வேண்டாம். தோற்கிற அணியைப் பிடித்தவர்களுக்குத்தான் துணை வேண்டியிருக்கிறது. எந்தப் பெனால்டியையும் சின்னவன் நேராகப் பார்த்ததில்லை. ஆட்டத்துக்கு முன் கண்ணாடியைத் துடைப்பான், பெனால்டி என்றால் திரும்பி எதிரே உட்காருவான். பிறகு வருஷக்கணக்காக, பந்து எந்தப் பக்கம் போனது என்று சண்டை. ஒரு தடவையாவது அவன் சரியாகச் சொன்னதில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் அடித்துச் சொன்னான்.

கண்ணாடிக்காரர் ஒருமுறை தன் லென்ஸுக்குக் கோட்டிங் போட்டுக்கொண்டார். கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும், வெளிச்சம் பட்டால் பளபளக்காது, கண்ணுக்கு நல்லது என்று அவர் வாய் வலிக்கச் சொல்கிற கோட்டிங். தான் போடாமல் ஊருக்கு உபதேசம் செய்வது சரியில்லை என்று நினைத்தார். சின்னவன் பார்த்தவுடன் முகம் சுளித்தான்.

"என்ன சகலை இது, பாம்புக் கண்ணு மாதிரி பச்சையா மின்னுது? நல்லாவே இல்ல. மாத்துங்க."

விடவில்லை. வந்து உட்காரும்போதெல்லாம் 'பாம்பு, பாம்பு' என்று கூப்பிட்டான். தொல்லை தாங்காமல் பழையபடி வெறும் லென்ஸ் போட்டுக்கொண்டார். "கோட்டிங் வித்துப் பிழைக்கிறவன், எனக்கே இல்லைன்னு தெரிஞ்சா எவன்டா வாங்குவான்?" என்று திட்டிக்கொண்டேதான் போட்டார்.

பிறகு, உலகப் போட்டி தங்கள் ஊரிலேயே நடக்கப்போகிறது என்ற செய்தி வந்தது. புது ஸ்டேடியம் சின்னவனின் பஸ் தடத்தில்தான் எழும்பிக்கொண்டிருந்தது. "இன்னைக்குத் தூண் நட்டுட்டாங்க", "கூரைக்குக் கம்பி ஏத்தறாங்க" என்று பின்னறைக்கு வந்து சேதி சொல்லுவான். வீடு கட்டுகிறவன்கூட அவ்வளவு ஆசையாகச் சொல்லமாட்டான். குலுக்கலில் அவர்களுக்கு இரண்டு டிக்கெட் விழுந்தது. அதுவும் சிவப்புச் சட்டை ஆடுகிற ஆட்டத்துக்கு. கோல் கம்பத்துக்குப் பின்னால், கீழ் வரிசை. 'நேருக்கு நேர் பெனால்டி வந்தா என்னடா பண்ணுவே?' என்று இவர் கேட்டதற்கு, 'நீங்க இருக்கீங்களே' என்றான்.

சாவு வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் உண்டு. பெண்டாட்டிக்கு உண்டு, பெற்றவளுக்கு உண்டு, அண்ணன் தம்பிக்கு உண்டு, மைத்துனனுக்கும் உண்டு. சகலைக்கு என்ன இடம்? இரண்டு சகோதரிகளைக் கட்டிக்கொண்ட இரண்டு அந்நியர்கள், அவ்வளவுதானே. கண்ணாடிக்காரர் நாற்காலி கொண்டுவந்து போட்டார். வந்தவர்களுக்கு டீ சொன்னார். வழி தெரியாதவர்களுக்குத் தெருமுனையில் நின்று வழி காட்டினார். "நீங்க இருந்ததால ஆச்சு" என்று நாலு பேர் பாராட்டிவிட்டுப் போனார்கள். ஓடியாடி வேலை செய்கிறவன் தோளில் கைவைத்து யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரும் அழவில்லை. எந்த முறையில் அழுவது?

அதற்குப் பிறகு டிவியில் பெனால்டி வந்தால் எழுந்து போய்விடுவார். கை கழுவுவார், ஜன்னலைச் சாத்துவார். எதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்க்க ஆள் இல்லாமல் அவரால் பார்க்க முடியவில்லை.

போட்டி தொடங்கியதும் ஊர் கல்யாண வீடாக மாறிவிட்டது. மின்கம்பத்துக்கு மின்கம்பம் கொடி. முகத்தில் வர்ணம் பூசிய வெளிநாட்டுக்காரர்கள் மேளத்தோடு தெருவை அடைத்துக்கொண்டு நடந்தார்கள். காய்கறிக்காரி நாலு பாஷையில் 'கோல்' சொல்லக் கற்றுக்கொண்டாள். சின்னவன் ஓட்டிய தடத்துப் பஸ்ஸுக்கு உடம்பெல்லாம் பந்து பந்தாக வரைந்திருந்தார்கள். அது கடையைத் தாண்டும்போதெல்லாம் கண்ணாடிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்தாலும் ஹாரன் சத்தம் கேட்கத்தான் செய்தது.

உடைந்த கண்ணாடிகளோடு ரசிகர்கள் கடைக்கு வந்தார்கள். கோல் விழுந்த சந்தோஷத்தில் கட்டிப்பிடித்து உடைத்தவை. சிவப்பு வர்ணம் பூசிய ஒரு தடியன், இரண்டாக ஒடிந்த ஃபிரேமை ஏந்திக்கொண்டு, அடிபட்ட குருவியைக் கொண்டுவந்தவன் மாதிரி நின்றான். அவன் பாஷை இவருக்குத் தெரியாது, இவர் பாஷை அவனுக்குத் தெரியாது. ஒட்டிக் கொடுத்ததும் அவன் இவரை இழுத்து அணைத்தான். சட்டையெல்லாம் சிவப்பு. அந்த ஆளுக்கே இரண்டு டிக்கெட்டையும் கொடுத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார்.

"குடுக்கறதுன்னா குடுங்க. ஆனா என் தங்கச்சி ஒண்ணு கேட்டா."

"என்ன?"

"அவ வரேன்னா."

"அவளுக்குப் பந்து உருண்டையா சதுரமான்னே தெரியாதே!"

"அதை அவகிட்டயே சொல்லுங்க. எனக்கெதுக்கு?"

கொழுந்தியாள் சாம்பல் நிறத் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றாள். ஸ்டேடியத்துக்குப் போக அதே தடத்துப் பஸ்ஸில் ஏறினார்கள். டிரைவர் சீட்டில் புது ஆள். இறங்கும்போது அவள் மட்டும் அந்தக் கதவுக் கம்பியை ஒரு கணம் தொட்டுவிட்டு இறங்கினாள்.

உள்ளே போய் மைதானத்தின் பச்சையைப் பார்த்ததும் கண்ணாடிக்காரர் படியிலேயே நின்றுவிட்டார். டிவியில் இவ்வளவு பச்சை இல்லை. ஆட்டம் வழக்கப்படி நடந்தது. சிவப்புச் சட்டைகள் ஓடி ஓடித் தோற்றுக்கொண்டிருந்தார்கள்.

"நம்ம ஆளுங்க யாரு அத்தான்?"

"கீழ விழுந்துக்கிட்டே இருக்கானுங்களே, அவனுங்கதான்."

அவள் சிரித்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்து அவர் பார்த்தது அப்போதுதான்.

இரண்டாவது பாதியில், அவர்கள் கண்முன்னே, சிவப்புச் சட்டைக்காரன் ஒருவனை யாரோ தடுக்கி விழவைத்தார்கள். ரெஃபரி விசில் ஊதி, வெள்ளைப் புள்ளியைக் காட்டினார். கூட்டம் முழுக்க எழுந்து நின்றது.

"நான் தண்ணி வாங்கிட்டு வந்துடறேன்" என்றார் கண்ணாடிக்காரர்.

அவள் அவர் சட்டைக் கையைப் பிடித்தாள். "எங்கயும் போகாதீங்க அத்தான். இங்கயே நில்லுங்க."

பிறகு மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி அவருக்கு எதிரே நின்றாள். கை நீட்டி அவர் கண்ணாடியைக் கழற்றினாள். துப்பட்டா நுனியால் துடைத்தாள்.

"துணியால..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

"டிவியத் துடைச்சாத்தான் தெரியும்னு அவர் சொல்லுவாரு."

"எந்த டிவி?"

"இதுதான்." கண்ணாடியை அவர் முகத்தில் மாட்டினாள். "அவருக்கு நேரா பார்க்க பயம். பார்க்காம இருக்கவும் முடியாது. உங்க கண்ணாடியில மேட்ச் அப்படியே தெரியுமாம். சின்னதா, பொம்மை விளையாட்டு மாதிரி. அதுல பார்த்தா பயம் இல்லம்பாரு. பெனால்டி வந்தா நானும் அப்படித்தான் பார்க்கணும்னு வந்தேன். உங்ககிட்ட சொன்னதே இல்லையா?"

ஊரெல்லாம் கண்ணாடி மாட்டிவிட்ட மனிதருக்குத் தன் மூக்கின் மேல் நடந்தது தெரியவில்லை. பாம்புக் கண் என்று தொல்லை கொடுத்ததும், ஓயாமல் கண்ணாடியைத் துடைத்ததும், ஒவ்வொரு பந்தையும் பக்கம் மாற்றிச் சொன்னதும் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நின்றன. படுபாவி. முகத்தைப் பார்க்கிறான், முகத்தைப் பார்க்கிறான் என்றல்லவா அத்தனை வருஷமும் இவர் பெருமையாக உட்கார்ந்திருந்தார்.

"கண்ண சிமிட்டாதீங்க அத்தான். அசையாம இருங்க."

கண் நிறைந்து முட்டிக்கொண்டு நின்றது. சிமிட்டவில்லை. சிவப்புச் சட்டைக்காரன் ஓடி வந்தான். கீப்பர் ஒரு பக்கம் பாய்ந்தான், பந்து மறு பக்கம் போய் வலையைத் தூக்கியது.

"கோல்!" என்றாள் அவள், அவர் முகத்துக்கு நேராக. "வலது பக்கம்! வலது பக்கம் அடிச்சிட்டான்!"

அப்போதுதான் அவர் சிமிட்டினார். சிமிட்டியதும் நிற்கவில்லை. இரண்டு கையாலும் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்க அழுதார். பின்வரிசையில் நின்ற முன்பின் தெரியாத யாரோ ஒரு மனிதர், கோலுக்காகத்தான் அழுகிறார் என்று நினைத்து, குனிந்து அவர் தோளில் கைவைத்து அழுத்தினார். கை ரொம்ப நேரம் அங்கேயே இருந்தது.

அந்த ஆட்டத்திலும் சிவப்புச் சட்டை தோற்றது. அதில் அதிசயம் ஒன்றுமில்லை.

அவருக்கு இப்போது பவர் கூடிவிட்டது. புது லென்ஸ் தேய்த்துப் போட்டுக்கொண்டார், கோட்டிங் இல்லாமல்தான். சட்டைத் துணியின் கீறல் விழுந்த பழைய கண்ணாடி மேஜை டிராயரில் இருக்கிறது. குடும்பம் ஒன்றாகக் கூடும்போதெல்லாம் கொழுந்தியாள் அந்தக் கோலைச் சொல்லுவாள். "வலது பக்கம் அடிச்சான், என் ரெண்டு கண்ணால பார்த்தேன்" என்பாள். "இடது" என்பார் இவர். "அவர் அப்பவே சொன்னது சரியாப் போச்சு. அத்தானுக்கு எதையும் ஒத்துக்கவே மனசு வராது" என்பாள் அவள். கண்ணாடியில் பார்த்தால் இடம் வலமாகும் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்துபோகிற வழக்கு. தீர்த்துவைக்க அவருக்கு மனமில்லை.

ஆனால் பந்து போனது இடது பக்கம்தான்.