சம்பல் இல்லாத நான்கு நாட்கள்

என்னை முதலில் வீகன் என்று சொன்னவள் கஜந்தி. எங்கள் கந்தோருக்குப் புதிதாக வேலைக்கு வந்தவள். மீன், இறைச்சி, முட்டை, பால், நெய் ஒன்றும் தொடமாட்டேன் என்றதும், "அப்ப நீங்கள் வீகன் அக்கா! கொழும்பில இப்ப அதுதான் பாஷன்" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபத்தொரு வருஷமாக நான் சுமப்பதற்குப் பாஷன் என்று ஒரு பெயர்!

என் மகன் அஞ்சலோவுக்கு அப்போது பத்து மாதம். இயேசு பிறந்த நத்தாருக்கு மறுநாள் காலை கடல் சுனாமியாக வந்து அவனை என் கையிலிருந்து பறித்துக்கொண்டு போனது. உடல் கிடைக்கவில்லை. முகாமில் நான்கு நாள் எனக்குப் பால் சுரந்துகொண்டே இருந்தது. வேலிக்கு அப்பால் ஒரு பசு கன்றைத் தேடிக் கத்திக்கொண்டே இருந்தது. அன்றோடு பாலை விட்டேன். அவனை விழுங்கிய கடலிலிருந்து ஒரு துரும்பும் என் வாய்க்குள் போகாது என்று மாதா முன்னால் சத்தியம் பண்ணினேன். இறைச்சியும் முட்டையும் பிறகு தானாகவே போயின. "பெரிய வெள்ளிக்கே மீன் தின்னுற சனம் நாங்கள். மக்டலின், உனக்கென்னடி விரதம்?" என்று மாமி கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனா.

மூன்று வருஷத்துக்கு முன், துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் பூங்காவில் றுக்கியா கன்ரீன் திறந்தார். அதுவரை வெளியில் வாய் நனைக்காதவள் நான். என் கறிகளுக்கென்று தனி அகப்பையே வைத்துவிட்டார் அவர். சோறு, பருப்பு, கத்தரிக்காய், மிளகாயோடு இடித்த தேங்காய்ச் சம்பல். அந்தச் சம்பல் மட்டும் தனி ருசி. இரண்டாம் தரமும் கேட்டு வாங்குவேன்.

அங்கே சாப்பிட்ட முதல் நாளே அவன் வந்தான். பாதிச் சோற்றில், மேசைக்குக் கீழே ஏதோ ஒன்று என் சேலைக் கரையைப் பிடித்து இழுத்தது. அஞ்சலோ எழுந்து நிற்கப் பழகியது அப்படித்தான். குனிந்து பார்த்தேன், ஒருவரும் இல்லை. சேலை மட்டும் ஒரு சாண் உயரத்துக்கு நனைந்து, கடல் மணத்தது. பயப்படவில்லை என்றால் பொய். ஆனால் ஓடவில்லை. பதினெட்டு வருஷ விரதத்துக்கு மாதா மனமிரங்கிவிட்டா என்றுதான் நினைத்தேன். பிறகு ஒரு மதியமும் தவறாமல் வந்தான். கந்தோர் இல்லாத சனி ஞாயிறுகளை வெறுத்தேன்.

போன திங்கள் கஜந்தியும் என்னோடு வந்தாள். என் தட்டிலிருந்து சம்பலைக் கிள்ளி வாயில் வைத்தாள்.

"அக்கா, இதுக்குள்ள மாசி கிடக்கு."

மாசி என்றால் மாலைதீவிலிருந்து வரும் காய்ந்த மீன். றுக்கியாவைக் கூப்பிட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"ஓம் மிஸ், மாசி போடாம என்ன சம்பல்? அது மீனில்லையே, வாசத்துக்குப் போடுறதுதானே."

"எவ்வளவு காலமா?"

"திறந்த நாள்ல இருந்து."

ஓடிப்போய் வாயைக் கழுவினேன். கழுவக் கழுவ அந்த ருசி போகவில்லை. திரும்பி வந்து றுக்கியாவைக் கண்டபடி ஏசினேன். அந்த மனுசி அழுதுவிட்டார்.

செவ்வாய் சம்பல் இல்லாமல் சாப்பிட்டேன். அவன் வரவில்லை. புதனும் வரவில்லை. வியாழன், மேசைக்கடியில் குனிந்து மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கஜந்தி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். வெள்ளியும் சேலை காய்ந்தே கிடந்தது.

அன்று வீட்டுக்கு நடக்கும்போதுதான் எனக்கு விளங்கியது. பதினெட்டு வருஷம் சுத்தமாக இருந்தேன், ஒரு நாளும் வரவில்லை. மாசி நாக்கில் பட்ட அன்றே வந்தான். அவன் இருப்பது கடலில். நான் அந்தக் கடலுக்கே கதவைச் சாத்தி வைத்திருக்கிறேன். பதினெட்டு வருஷம் என் பிள்ளை வெளியே நின்றிருக்கிறான். நடுறோட்டில் வாய்விட்டு அழுதேன்.

இன்று திங்கள். றுக்கியா பயந்து பயந்து தட்டைக் கொண்டுவந்து வைத்தார்.

"மாசி இல்லாத சம்பல், மிஸ். உங்களுக்கெண்டு தனியா இடிச்சனான்."

"வேண்டாம் றுக்கியாக்கா. மற்றதைத் தாங்கோ."

"அதில மாசி கிடக்கே?"

"தெரியும். கூடப் போடுங்கோ."

மாதாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு முதல் கவளத்தை விழுங்கினேன். மேசைக்குக் கீழே சேலை இழுபட்டது. இந்த முறை நான் குனிந்து பார்க்கவில்லை. அடுத்த கவளத்தைப் பிசைந்தேன்.