வெறும் பெட்டியின் எடை

நூற்று முப்பது வருஷத்துக்கு முன்னால் அமெரிக்கக் குதிரைப்படைக்காரர்கள் சுட்டுத் தீர்த்த தோட்டாக்களின் எடை, 2006ஆம் ஆண்டு கோடையில், ஷார்ஜா முவைலாவில் ஒரு மூன்றாம் மாடி அறையின் தரையைக் கீழே வளைத்தது. தோட்டா ஒன்றுகூட அங்கே இல்லை. தோட்டா இருந்த அட்டைப்பெட்டிகள் மட்டும் ரெங்கராஜின் கட்டிலுக்கடியில் இருந்தன, எல்லாம் காலி. அந்த வருஷம் வாடகை ஏறியிருந்தது, அறைக்கு ஆளும் கூடியிருந்தது, ஆகவே தரை வளைந்ததை யாரும் பெரிய விஷயமாகப் பேசவில்லை.

ரெங்கராஜ் அறந்தாங்கிப் பக்கத்துக்காரன். கார்கோ கடையில் பேக்கிங் வேலை. ஊருக்குப் போகிறவனின் பெட்டி மேல் நாலு பேர் ஏறி உட்கார்ந்து மூடினாலும், இவன் வந்து கயிறு போட்டால்தான் அது பெட்டி. 2003இல் ஊர் திரும்பிய ஒரு அமெரிக்க இன்ஜினியரின் வீட்டுச் சாமான்களைக் கட்டிக் கொடுக்கப் போனபோதுதான் அந்தச் சனியன் பிடித்தது. அலமாரியில், இரண்டு கைக்குள் அடங்குகிற பழுப்பு அட்டைப்பெட்டிகள். மேலே ஒட்டிய தாளில், கார்பைன் துப்பாக்கிக்கு இருபது தோட்டா என்று அச்சடித்திருந்தது. டேப் இல்லை, கயிறு இல்லை. "நூத்தி முப்பது வருசமா ஒரு மூலகூடப் பிரியலையே, என்னா கை அது!" என்று இவன் வாயைப் பிளந்து நின்றதைப் பார்த்து, அந்த மனிதர் இரட்டையாக இருந்ததில் ஒன்றைக் கொடுத்துவிட்டார். அலமாரிக்கு அவர் ஏன் இரும்புச் சட்டம் அடித்திருந்தார் என்பது அப்போது இவனுக்குப் புரியவில்லை.

பிறகு பித்துத்தான். ஜித்தாவில் ஷரஃபியாவில் பழைய சாமான் கடை வைத்திருந்த காயல்பட்டினத்து கௌஸ் முகம்மது, வெள்ளைக்காரர்கள் காலி செய்த வீடுகளில் இப்படி ஏதாவது அகப்பட்டால் வருகிற ஆளிடம் கொடுத்தனுப்புவார். கூடவே போனில் எச்சரிக்கையும் வரும். "தம்பி, இது அமெரிக்காவுல உள்ள பூர்வகுடி சனத்த விரட்டி விரட்டிச் சுட்ட காலத்துச் சாமான். உள்ள தூசு தும்பு போட்டுறாதீங்க. காலியா இருந்தாத்தான் மதிப்பு." ரெங்கராஜ் பெட்டிகளைத் துணியில் சுற்றி வைத்தான். மூச்சுக்காற்றுகூட உள்ளே போக விடவில்லை.

தொழில் பழக்கத்தில் முதல் பெட்டியைக் கடைத் தராசில் வைத்தபோதே அது இருபது தோட்டாவின் எடையைக் காட்டியது. மாதத்துக்கு மாதம் கூடியும் வந்தது. கூட வேலை பார்த்த, அதே அறைவாசியான மாயாண்டி, தராசு கெட்டுவிட்டது என்று அரிசி மூட்டையை ஏற்றினான். மூட்டை சரியாக நின்றது. ரெங்கராஜும் ஏறி நின்றான். ஆள் துரும்பாக இளைத்திருந்தான், முள் மட்டும் இரண்டு ஆள் எடைக்குப் போனது. "உனக்கும் சேத்துத்தான்டா கோளாறு," என்றான் மாயாண்டி. பெட்ரோல் விலை ஏறியதற்கும் யாரும் காரணம் சொல்லவில்லை, இதற்கும் சொல்லவில்லை.

மனைவி வடிவு மசக்கையாக இருக்கும்போது விமானம் ஏறியவன். மகள் சந்தியாவுக்கு நாலு வயதாகியும் அவன் அவளைத் தொட்டதில்லை. அப்பா எங்கே என்று கேட்டால் அவள் போனைக் காட்டுவாள். லீவு வராமல் இல்லை. பெட்டிகளை விட்டுப் போக மனசு வரவில்லை, கொண்டுபோகலாமென்றால் விமானத்தில் முப்பது கிலோவுக்கு மேல் விடமாட்டார்கள். இப்படியே லீவுகளை அடுத்தவனுக்கு விட்டுக் கொடுத்தான் அந்த மடையன்.

கீழ் அறை சுரேஷ்குமாரின் சோற்றுத் தட்டில் கூரைக் காரை விழுந்தபோதுதான் விஷயம் முற்றியது. வெள்ளிக்கிழமைக்குள் பெட்டிகள் குப்பைக்குப் போகாவிட்டால் தானே தூக்கி எறிவதாக வாட்ச்மேன் சொல்லிவிட்டான். சனிக்கிழமை ரெங்கராஜுக்கு டிக்கெட் இருந்தது. இந்தத் தடவையும் வரவில்லையென்றால் போனே செய்ய வேண்டாம் என்று வடிவும் சொல்லியிருந்தாள். அவன் அவளைக் கூப்பிட்டு, பெட்டி கனக்கிற கதையை முதல்முறையாகச் சொன்னான். அவள் அதில் எதையும் அதிசயமாக நினைக்கவில்லை.

"ஏங்க, பக்கத்து வீட்டுக் கிண்ணத்தக்கூட வெறுங்கிண்ணமாத் திருப்பிக் குடுப்பமா நம்ம? ஒரு கை சீனியாச்சும் போட்டுல்ல குடுப்போம்! எத்தன உசுரக் குடிச்ச பொட்டியோ, அத வெறும் பொட்டியாவே வச்சுக்கிட்டு கனக்குது கனக்குதுன்னா? கனக்காம என்ன செய்யும்? நானுந்தான் நாலு வருசமா வெறும் வீட்டத் தூக்கிக்கிட்டு நிக்கிறேன்."

ரெங்கராஜ் போனைக் கையில் வைத்துக்கொண்டே அழுதான். கௌஸ் முகம்மது சொன்னது ஞாபகம் வந்தது. சீனி பட்டால் அட்டை கறை பிடிக்கும், மதிப்புப் போய்விடும். போனால் போகட்டும் என்று முதல் பெட்டியில் ஒரு கை சீனியைப் போட்டான். பெட்டியின் கனம் இறங்கி, சீனியின் எடைக்கு வந்து நின்றது. அடுத்ததில் அரிசி போட்டான். மாயாண்டி தன் ஏலக்காயைக் கொடுத்தான். காரை விழுந்த கோபத்தோடு மேலே வந்த சுரேஷ்குமாரும் பார்த்துவிட்டுக் கீழே போய்ப் பேரீச்சம்பழம் எடுத்து வந்தான். மீதியில் சந்தியாவுக்கு வாங்கியிருந்த ரிப்பன், ஹேர்கிளிப், வளையல் போயின. விடிவதற்குள் வளைந்திருந்த தரை நிமிர்ந்துவிட்டது. கீழ் அறைக் கூரைக்கு வெள்ளையடித்த செலவை எல்லோரும் பகிர்ந்துகொண்டார்கள்.

ஏர்போர்ட்டில் தோட்டா என்ற எழுத்தைப் பார்த்து ஒரு பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே பூப்போட்ட கிளிப் இருந்தது. மூடச் சொல்லிவிட்டார்கள்.

ஊரில் சந்தியா அவனிடம் வரவேயில்லை. வடிவின் சேலைக்குப் பின்னால் நின்றே பார்த்தாள். அவன் கிளிப் பெட்டியைத் தரையில் வைத்துத் தள்ளிவிட்டான். அவள் எடுத்துக்கொண்டு ஓடிப்போனாள். லீவு முழுக்க அப்படித்தான், கொடுத்ததை வாங்குவாள், ஓடுவாள். யாரைக் குறை சொல்ல? புறப்படுகிற காலையில் வேன் வாசலில் நிற்கும்போது, அவளாக வந்து அந்தப் பெட்டியை அவன் மடியில் வைத்தாள். திறந்தான். மூன்று புளியங்கொட்டை கிடந்தன.

"வெறும் பொட்டியாக் குடுக்கக் கூடாதாம்ப்பா," என்றாள். பிறகு அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

மற்ற பெட்டிகளில் வடிவு கடுகும் வெந்தயமும் போட்டு வைத்தாள். முவைலா திரும்பிய அன்று ரெங்கராஜ், புளியங்கொட்டைகள் சட்டைப்பையில் இருக்க, கடைத் தராசில் ஏறி நின்றான். மாயாண்டி குனிந்து முள்ளைப் பார்த்தான். "சரியா இருக்கு, எறங்கு," என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டியை ஏற்றினான்.