அரைக் கரண்டி நெய்

சிவமலருக்கு அந்த நோய் என்னவென்று பெயர் வைக்கவே டாக்டர்களுக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. ஊரைவிட்டு வெள்ளைக்காரர் நாட்டுக்கு வந்து, 1990 இல் மிட்சமில் படச்சுருள் கழுவும் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தபோது வலது பாதம் மரத்துப் போனது. பிறகு ஒரு கண் மங்கி, இரண்டு மாதத்தில் தானாகத் தெளிந்தது. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் தலையைப் படமெடுத்துப் பார்த்து, மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் என்றார்கள். நரம்புகளின் மேலுறை கொஞ்சம் கொஞ்சமாக அழிகிறது, குணப்படுத்த மருந்து இல்லை என்று விளங்கப்படுத்தினார்கள். யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் தாவரவியல் படிப்பித்தவளுக்கு அதை இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

1996 ஆம் ஆண்டளவில் அவள் சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டாள். வயது நாற்பத்தேழு. மோர்டனில் அவர்களுடைய சிறிய வீட்டின் மேல்மாடிக்கு ஏற முடியாததால் கட்டிலை முன்னறைக்கு இறக்கியிருந்தார்கள். நடக்க முடியாதது அவளுக்குப் பழகிவிட்டது. பழகாதது வலிதான். முழங்காலுக்குக் கீழே யாரோ கொதிநீரை ஊற்றிக்கொண்டே இருப்பதுபோல் ஓர் எரிவு, விடியலில் தொடங்கிப் படுக்கும்வரை இருக்கும். நாளுக்கு ஏழெட்டுத் தடவை இரண்டு கால்களும் மரக்கட்டைபோல் விறைத்து, பிறகு கிடந்து துள்ளும். அந்த நேரத்தில் நாற்காலியின் கைப்பிடிகளை இறுகப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்பாள். தசை இறுக்கத்துக்குக் கொடுத்த மாத்திரை கால்களைத் தளர்த்தியது உண்மை. ஆனால் கழுத்தையும் நாக்கையும் சேர்த்துத் தளர்த்தியது. அதைக் குடித்த நாட்களில் அவள் வாயோரம் எச்சில் வழிய, அரைத் தூக்கத்தில் கிடப்பாள். யன்னல் வழியே தெரியும் பக்கத்து வீட்டு மரக்கறிச் செடிகள் என்னவென்றுகூட அடையாளம் தெரியாது. மாத்திரையா வலியா என்று ஒவ்வொரு காலையும் அவள் தீர்மானிக்க வேண்டியிருந்தது.

கணவர் அம்பலவாணன் சுரங்க ரயிலில் கார்டாக வேலை பார்த்தார். கடைசிப் பெட்டியில் நின்று கதவுகளைத் திறந்து மூடுவதும், மணி அடித்து ரயிலை விடுவதும் அவர் வேலை. அதிகாலை ஷிப்டுக்குப் போய் மத்தியானம் இரண்டு மணிக்குத் திரும்புவார். வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் அவளுடைய கால்களைத் தன் மடியில் தூக்கிவைத்துத் தேய்ப்பார். பிள்ளைகள் இல்லை. சமையல், துவைத்தல், அவளைக் குளிப்பாட்டுதல் எல்லாம் அவர்தான். இருவரும் அதிகம் கதைப்பதில்லை. கோபமொன்றுமில்லை. அலுப்பு.

ஆஸ்பத்திரிக்குப் போகும் நாட்களில் நோயாளிகளை ஏற்றும் வாகனம் வரும். போகும்போது நேரத்துக்கு வரும். திரும்பும்போது இரண்டு மணித்தியாலம், சில நாள் மூன்று மணித்தியாலம் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்த ஒரு நாளில்தான் அவள் மோரீனைச் சந்தித்தாள். தோர்ண்டன் ஹீத்தைச் சேர்ந்த ஐம்பது வயது வெள்ளைக்காரி. பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை செய்தவள். அதே நோய்தான், ஆனால் சிவமலருக்கு வருவதற்கு நான்கு வருடம் முன்பே அவளுக்கு வந்திருந்தது. சிவமலரின் கால்கள் துள்ளுவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தன்னுடையவையும் போன வருடம்வரை இப்படித்தான் இருந்தன என்றாள். இப்போது என்ன செய்கிறாய் என்று சிவமலர் கேட்க, மோரீன் சுற்றிவரப் பார்க்கவுமில்லை, குரலைத் தாழ்த்தவுமில்லை. கஞ்சா என்றாள். தம்பி வளர்க்கிறான், புகைக்கப் பிடிக்காததால் வெண்ணெயில் காய்ச்சி ரொட்டியில் பூசிச் சாப்பிடுகிறேன் என்றாள்.

அடுத்த முறை சந்தித்தபோது, ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பாவில் பச்சை நிற வெண்ணெய் கொஞ்சம் கொண்டுவந்து சிவமலரின் கைப்பையில் வைத்தாள்.

சிவமலர் அதை ஐந்து நாள் குளிர்சாதனப் பெட்டியில், பச்சை மிளகாய்ப் பைக்குப் பின்னால் வைத்திருந்தாள். ஆறாம் நாள் காலை அரைத் தேக்கரண்டி எடுத்துப் பாண் ரொட்டியில் பூசித் தின்றாள். புல்லை மென்றதுபோல் இருந்தது. ஒரு மணித்தியாலம் ஒன்றும் நடக்கவில்லை. தன் முட்டாள்தனத்தை நினைத்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தாள். கோப்பையை வைக்கும்போதுதான், கால் வெகுநேரமாகத் துள்ளவில்லை என்பது தெரிந்தது. எரிவு போய்விடவில்லை. ஆனால் அது அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதுபோல் இருந்தது. வாய் சற்று உலர்ந்தது, மனம் கொஞ்சம் மெதுவாக ஓடியது, அவ்வளவுதான். அன்று அவள் ஒரு பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசித்தாள்.

அம்பலவாணனிடம் அன்றே சொல்லிவிட்டாள். அவர் டப்பாவின் மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். ஊரில் கஞ்சா என்றால் யார் யார் பிடிப்பார்கள் என்ற பேச்சை அவர் எடுக்கவில்லை. அவருடைய பயம் வேறு. ரயிலில் வேலை செய்பவர்களைச் சொல்லாமல் கொள்ளாமல் கூப்பிட்டு, போதைப் பொருள் உண்டா என்று சிறுநீர் சோதிக்கும் அளவுக்கு அங்கே கண்டிப்பு. வீட்டில் இந்தச் சாமான் பிடிபட்டது என்று மேலிடத்துக்குத் தெரிந்தால் அதோடு வேலை முடிந்தது.

"பிடிபட்டால் என்ன செய்யிறது?" என்று கேட்டார்.

"பிடிபடாமல் இருந்தால் நான் மனிசியா இருக்கேலும்," என்றாள் அவள்.

அவர் குடும்ப டாக்டரிடம் போனார். டாக்டர் குருமூர்த்தி திருச்சிக்காரர், மோர்டனில் பதினைந்து வருடமாக வைத்தியம் பார்ப்பவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்தார். சட்டப்படி அதை மருந்தாக எழுத எந்த டாக்டருக்கும் வழியில்லை என்றும், அவள் சொல்லும் பலனை இன்னும் சில நோயாளிகள் சொல்லக் கேட்டிருப்பதாகவும் சொன்னார். "நீங்க சொன்னத நான் ஃபைல்ல எழுதிக்கல," என்று மட்டும் கடைசியில் சேர்த்துக்கொண்டார். அதை அனுமதி என்று எடுப்பதா எச்சரிக்கை என்று எடுப்பதா என்று அம்பலவாணனுக்குத் தெரியவில்லை.

மோரீனிடம் ஒவ்வொரு முறையும் கைநீட்டச் சிவமலருக்கு விருப்பமில்லை. விதை கேட்டு வாங்கினாள். குசினிக்குப் பின்னால், சமையல் சூடு எட்டுகிற கண்ணாடிக் கொட்டிலில் கறிவேப்பிலைக்கும் தக்காளிக்கும் நடுவில் மூன்று செடிகள் வளர்ந்தன. நாற்காலியில் இருந்தபடியே தண்ணீர் ஊற்றினாள். எது ஆண், எது பெண் என்று பூ அரும்பும்போதே கண்டு, ஆண் செடியைப் பிடுங்கிவிட்டு வேறொன்று வைத்தாள். பல வருடங்களுக்குப் பிறகு தான் படித்த படிப்புக்கு ஒரு வேலை வந்தது. பூக்களைக் காயவைத்து, நெய்யில் மெல்லிய சூட்டில் மூன்று மணித்தியாலம் காய்ச்சி வடித்து, காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக அரைக் கரண்டி வெதுவெதுப்பான பாலில் கலந்து குடித்தாள். மாத்திரையைப் பாதியாகக் குறைத்தாள். நாக்கு தெளிந்தது. சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாள். நெய் காய்ச்சும் நாளில் அம்பலவாணன் வீட்டு யன்னல்களையெல்லாம் திறந்துவிட்டு, உடலில் கோட்டும் முகத்தில் கவலையுமாக இருப்பார். அந்த மணம் அவருக்குக் கடைசிவரை பழகவில்லை.

இப்படி எட்டு மாதம் போனது.

1997 பெப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஆஸ்பத்திரியிலிருந்து இருவரும் திரும்பியபோது வீட்டு வாசலில் பொலிஸ் கார் நின்றது. பட்டப்பகலில் கள்ளர் வீட்டை உடைத்திருந்தார்கள். கண்ணாடிக் கொட்டிலின் கதவை நொறுக்கி உள்ளே புகுந்து, சிவமலரின் காப்புகளையும் ஒரு கேமராவையும் கொண்டு போய்விட்டார்கள். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக் கிழவி பொலிசுக்கு அறிவித்திருந்தாள். நல்லெண்ணத்தில் செய்ததுதான்.

ஒரு பொலிஸ்காரர் முன்னறையில் நின்று என்னென்ன களவு போனது என்று கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். இன்னொருவர், இளம் வயது, கொட்டிலுக்குள் உடைந்த கண்ணாடியின் மேல் நின்றார். கொஞ்ச நேரத்தில் அவர் குசினி வாசலுக்கு வந்து, இந்தச் செடிகள் யாருடையவை என்று மரியாதையாகவே கேட்டார்.

அம்பலவாணன் குசினி மேசையருகே நின்றார். அவர் வாய் திறக்கவில்லை. கண்கள் மட்டும் சிவமலரிடம் போய்த் திரும்பி, நிலத்தில் நின்றன.

"என்னுடையவை," என்றாள் சிவமலர் ஆங்கிலத்தில். "மூன்றும் என்னுடையவை. இவருக்கு இவை என்ன செடி என்றே தெரியாது."

பொலிஸ் நிலையத்தில் அவளை மூன்று மணித்தியாலம் வைத்திருந்தார்கள். மேசை உயரமாக இருந்ததால், அதற்குப் பின்னால் இருந்த அதிகாரி எழுந்து எட்டிப் பார்த்துத்தான் அவளிடம் கேள்வி கேட்க வேண்டியிருந்தது. நடுவில் அவளுடைய கால்கள் துள்ளத் தொடங்கின. அவள் பயத்தில் நடுங்குவதாக நினைத்து ஒரு பெண் பொலிஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். எதற்காக வளர்த்தாய் என்று கேட்டார்கள், சொன்னாள். சட்டவிரோதம் என்று தெரியுமா என்று கேட்டார்கள், தெரியும் என்றாள். முடிவில், குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கி, எச்சரித்து விட்டார்கள். அடுத்த முறை கோர்ட்தான் என்றார்கள். செடிகளையும் நெய்ப் போத்தலையும் எடுத்துக்கொண்டார்கள். காப்புகள் திரும்பக் கிடைக்கவில்லை.

வாடகைக் காரில் வீடு திரும்பும்போது அம்பலவாணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் முந்திக்கொண்டாள்.

"நீங்கள் ஒண்டும் சொல்ல வேண்டாம். உங்கட வேலை போனால் எங்கள் ரெண்டு பேரையும் ஆர் பாக்கிறது?"

அவள் சொன்னது சரி. சரியாக இருந்ததுதான் அவரை வாட்டியது. அவள் திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகு அந்தக் குசினியில் அவர் மேசையருகே அன்று நின்ற பக்கத்தில் நின்று மரக்கறி வெட்டுவதில்லை. அவள் அதைக் கவனித்தாள்.

எப்படியோ செய்தி தமிழ்ப் பள்ளிக்கூடம்வரை போனது. நிர்வாகத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, அவளுடைய உடல்நிலையை மிகவும் விசாரித்து, கொஞ்ச நாள் ஓய்வெடுக்கச் சொன்னார். அவளுக்கு விளங்கியது. சரி என்று வைத்துவிட்டாள்.

முழு அளவு மாத்திரைக்குத் திரும்பினாள். நோயும் நிற்கவில்லை. அடுத்த வருடத்துக்குள் இடது கையில் பலம் குறைந்தது. உட்கார்ந்திருக்கும்போது மாத்திரையையும் மீறிக் கால்கள் துள்ளி விழாமலிருக்க, ஒரு சால்வையால் நாற்காலியின் மிதிபலகையோடு சேர்த்துக் கட்டிவிட்டு அம்பலவாணன் வேலைக்குப் போவார். அவள் பத்திரிகை வாசிப்பது நின்றது. வாசித்த வரியையே திரும்ப வாசிப்பதாகச் சொன்னாள்.

1998 ஒக்டோபரில் ஒரு நாள் அவர் இரண்டு மணிக்கு வந்தபோது நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. காலை பத்து மணியளவில் வந்த ஓர் இழுப்பில் அவள் நாற்காலியோடு விழுந்திருந்தாள். சால்வை அவிழவில்லை. தொலைபேசி எட்டவில்லை. நான்கு மணித்தியாலம் நிலத்தில், தன் சிறுநீரிலேயே கிடந்திருக்கிறாள். எலும்பு ஒன்றும் முறியவில்லை. அவர் சால்வையை அவிழ்த்து, தூக்கிக் கொண்டுபோய்க் கழுவினார். அவள் அழவில்லை. தலையைத் துவட்டும்போது சொன்னாள்:

"என்னை ஒரு ஹோமிலை விட்டிடுங்கோ. நீங்களும் களைச்சுப்போனியள்."

அவர் துவட்டுவதை நிறுத்தவில்லை. "விசர்க் கதை கதையாதையும்," என்றார். ஆனால் அவளைப் பராமரிப்பு இல்லமொன்றில் விடுவதைப் பற்றித் தானும் இரண்டு தடவை யோசித்திருந்தது அவருக்குத்தான் தெரியும்.

அடுத்த மாதம், வேலையில்லாத ஒரு நாள் காலையில் மாத்திரைச் சீட்டு வாங்கப் போனபோது டாக்டர் குருமூர்த்தி ஒரு பத்திரிகைச் செய்தியைக் காட்டினார். நோயாளிகளுக்குக் கஞ்சாவை மருந்தாக எழுத டாக்டர்களை அனுமதிக்கலாம் என்று பாராளுமன்றத்தின் மேல்சபையான பிரபுக்கள் சபையின் குழுவொன்று சிபாரிசு செய்திருந்தது. அம்பலவாணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். கீழே வாசிங்க என்றார் டாக்டர். அரசாங்கம் அன்றைக்கே அதை மறுத்திருந்தது.

"எவ்வளவு காலம் எடுக்கும் டொக்டர்?"

"அஞ்சு வருஷம், பத்து வருஷம். எனக்குத் தெரியல," என்றார் குருமூர்த்தி. அவரும் களைத்துப்போய்த் தெரிந்தார். வெளியே இன்னும் பதினான்கு பேர் காத்திருந்தார்கள்.

அம்பலவாணன் அங்கிருந்து வீட்டுக்குப் போகவில்லை. மோரீன் எப்போதோ ஓர் உறையின் பின்பக்கத்தில் எழுதிக்கொடுத்த விலாசம் அவருடைய பணப்பையில் இருந்தது. பஸ் ஏறித் தோர்ண்டன் ஹீத்துக்குப் போனார். கதவைத் திறந்தது மோரீனின் தம்பி. மோரீன் உள்ளே படுக்கையில் இருந்தாள். பேச்சு குழறியது, ஆனால் ஆஸ்பத்திரியில் பார்த்திருந்த அவரை அடையாளம் கண்டு, சிவமலர் எப்படி என்று கேட்டாள். சிவமலர் விழுந்து கிடந்த கதையை அவர் சொன்னார். கஞ்சாவை எப்படிக் கேட்பது என்றே அவருக்குத் தெரியவில்லை. தம்பி ஒன்றும் கேளாமல் ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். காசு வாங்க மறுத்துவிட்டான். திரும்பும் பஸ்ஸில் அம்பலவாணன் மேல்தட்டில் தனியே இருந்தார். யாராவது ஏறும்போதெல்லாம் கோட்டின் பொத்தானைத் தொட்டுப் பார்த்தார். கோட்டுக்குள் இருந்த வேலை அடையாள அட்டை நெஞ்சில் குத்தியது.

வீட்டுக்கு வந்ததும் பொட்டலத்தைச் சிவமலரின் மடியில் வைத்தார். அவள் பிரித்துப் பார்த்து, மணந்து, அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஆர் வாங்கினது?"

"நான்தான். இனி ஆரும் வந்து கேட்டால் இது என்ர. நான் சொல்லுவன்."

சட்டியை எடுங்கோ என்றாள் அவள். நெருப்பைக் குறைத்து வைக்கவும், நெய் கருகாமல் கிண்டவும் அவள் நாற்காலியிலிருந்து சொல்லச் சொல்ல, முதல் தடவையாக அவரே காய்ச்சினார். மூன்று மணித்தியாலம் அடுப்படியில் நின்றார். யன்னல்களைத் திறக்க மறந்துவிட்டார்.

மாலை ஆறு மணிக்கு அரைக் கரண்டி பாலில் கலந்து கொடுத்தார். பிறகு கட்டிலில் இருந்து அவள் கால்களை மடியில் வைத்துக்கொண்டார். தேய்க்கவில்லை, கையை மட்டும் கெண்டைக்காலில் வைத்திருந்தார். ஏழு மணிவரை அது உள்ளங்கைக்குக் கீழே விறைப்பதும் உதறுவதுமாக இருந்தது. அதன் பிறகு உதறல்களுக்கு இடையே நேரம் கூடிக்கொண்டு போனது. ஒரு கட்டத்தில், அடுத்தது வருமென்று அவர் காத்திருக்க, அது வரவில்லை. தசை அவருடைய கையில் சும்மா கிடந்தது. முன்பு அவள் காலையிலேயே மருந்து எடுத்துவிடுவதால் அவர் வரும்போது கால்கள் அடங்கியே இருக்கும்; மாலையில் மறுபடி தொடங்குமுன்னே அடுத்த அரைக் கரண்டியைக் குடித்துவிடுவாள். அடங்குவதை அவர் பார்த்ததில்லை.

"பயமா இருக்கே?" என்று கேட்டாள் கண்ணை மூடியபடி.

"ஓம்."

"எனக்கும்தான்," என்றாள். கொஞ்ச நேரத்தில் அவளுடைய மூச்சு சீராகியது.

விடிய நாலரைக்கு அவருக்கு ஷிப்ட் இருந்தது. சட்டி கழுவாமல் கிடந்தது. எழுந்தால் அவள் விழித்துவிடுவாள் என்று அவர் அப்படியே இருந்தார்.