பாதி மாத்திரை

செவலை நாய் சுவரில் மோதி விழுந்தது. எழ முயன்றபோது கால்கள் மரக்கட்டையாய் விறைத்தன. வாயில் நுரை. குட்டிகள் அப்போதும் அதன் மடியை முட்டிக்கொண்டிருந்தன.

ரீட்டாவின் கணவன் பிரபு கம்போடு வந்தான்.

“தள்ளு ரீட்டா. வெறி புடிச்சிருச்சு.”

“ஊசி போட்ட நாய்ங்க அது. நீங்கதான கூட்டிட்டுப் போனீக.”

“கோம்பை நாய்க்கு வெறி புடிச்சா தெருவே தாங்காது. வயித்துப்புள்ளக்காரி, தள்ளி நில்லு.”

அவள் ஏழு மாத வயிற்றோடு வாசலை அடைத்து நின்றுகொண்டு, உத்தமபாளையம் கால்நடை டாக்டரம்மா மெஹராஜைப் போனில் அழைத்தாள்.

“குட்டிக எப்பம்மா போட்டுச்சு?”

“இப்பத்தான் கண்ணு முழிச்சுத் தத்தி நடக்குதுக. இதுக்கு உடம்பு கொதிக்குது. வெட்டி வெட்டி இழுக்குது.”

“வெறி மாதிரி தெரியலம்மா. சுண்ணாம்புச்சத்து பாலோட போயிருச்சு. குட்டிகளப் பிரிங்க. வாய்கிட்ட கை கொண்டுபோகாதீங்க, எதையும் புகட்டாதீங்க. ஈரத்துணி போட்டுத் தூக்கிட்டு வாங்க.”

பிரபு கம்பை உடனே போடவில்லை. செவலை விறைத்த கழுத்தைக் குட்டிகள் பக்கம் திருப்பப் பார்த்தது. அதன் பிறகுதான் போட்டான்.

மருத்துவமனை மேசையில் மருத்துவர் செவலையின் முன்னங்கால் நரம்பில் ஊசி ஏற்றினார். மறு கையால் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். மருந்து சொட்டுச் சொட்டாய் இறங்கியது.

“கொஞ்சம் வெரசா விடுங்களேன்” என்றான் பிரபு.

“வெரசா விட்டா நெஞ்சு நின்னுரும். சினையில என்ன குடுத்தீங்க?”

“எனக்கு ஆஸ்பத்திரியில தர்ற சுண்ணாம்புச்சத்து மாத்திரைதான்” என்றாள் ரீட்டா. “ரெண்டு பேரும் ஒண்ணா முழுகாம இருந்தோம்ல. பாதி எனக்கு, பாதி அதுக்கு.”

“எனக்குத்தான் ஒண்ணும் தரல” என்றான் பிரபு.

“மாத்திரைதான் வினை” என்றார் மருத்துவர். “வெளிய இருந்து வந்துக்கிட்டே இருந்தா, எலும்புல இருந்து எடுத்துக்க உடம்பு மறந்துரும். பால் ஊறுறப்ப தவிச்சுப்போகும். அதுக்கு மாத்திரை இப்பத்தான் வேணும்.”

சட்டென்று மருத்துவர் குழாயை இறுக்கினார். சொட்டு நின்றது. ரீட்டா அவர் முகத்தையே பார்த்தாள். அவர் செவலையின் நெஞ்சுத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே இருந்தார். வெகுநேரம் கழித்து விரல் தளர்ந்தது.

மறுபடி ஒரு சொட்டு.

நடுக்கம் முதலில் காதில் நின்றது. பிறகு தொடையில். செவலை கண்ணைச் சிமிட்டி, மேசையில் மூத்திரம் விட்டது.

“பொழைச்சுக்கும். ஆனா இன்னைக்குப் பால் குடுக்கவே கூடாது, இழுப்பு திரும்ப வந்துரும். குட்டிகளுக்கு நான் தர்ற பால்மாவக் கரைச்சுக் குடுங்க” என்ற மருத்துவர், ரீட்டாவின் வயிற்றைப் பார்த்தார். “உங்க மாத்திரைய நீங்க முழுசாத் தின்னுங்க.”

வீட்டில் குட்டிகளைத் திராட்சைப் பெட்டியில் போட்டு அடுப்படியில் வைத்தார்கள். அவை பால்மாவை முகர்ந்துவிட்டு அழுதன. வெளியே செவலை கதவைப் பிறாண்டியது. அதன் பால் தரையில் சொட்டியது.

“ஒரே ஒரு தடவ விடுவமா? பாவமா இருக்கு” என்றான் பிரபு.

“டாக்டரம்மா கூடாதுன்னு சொன்னாக.”

ரீட்டா கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். தன் மாத்திரையை எடுத்தாள். பழக்கத்தில் நகம் நடுக்கோட்டில் பதிந்தது. விலக்கிக்கொண்டு முழுசாக விழுங்கினாள். முதுகுக்குப் பின்னால் நகங்கள் பிறாண்டிக்கொண்டே இருந்தன.