ஏழாவது நோன்பு

பிஸ்கட்டை விழுங்கிய பிறகுதான் கடிகாரக்காரிக்குத் தான் நோன்பு என்பது நினைவுக்கு வந்தது. தினமும் பதினொரு மணிக்குக் கடை முதலாளி டப்பாவை நீட்டுவார். கண்ணில் செருகிய லென்ஸைக்கூடக் கழற்றாமல் அவள் கை தானாகப் போய் எடுத்துக்கொள்ளும். ஒரு கைக்கடிகாரத்தின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு இன்றும் அப்படித்தான் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

போன ரமலானில் மாதவிலக்கால் விடுபட்ட நோன்புகள் ஏழு. விடுபட்டதை ஈடுகட்டும் களாவாகப் பிடித்து முடிக்கப் பதினொரு மாதம் கையில் இருந்தது. வெயில் தணியட்டும், நாத்தனார் வந்துவிட்டுப் போகட்டும் என்று தள்ளித் தள்ளி, கடைசியில் ஷாபான் மாதத்தில் அடித்துப் பிடித்து ஆறை முடித்திருந்தாள். இன்று ஷாபான் இருபத்தொன்பது. சாயங்காலம் பிறை தெரிந்தால் நாளையே ரமலான். அதற்குள் முடிக்காவிட்டால் பாவமாயிற்றே என்ற பயம் ஒரு பக்கம். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் ஒரு வருஷமாவது பழைய நோன்பு மிச்சமில்லாமல் புது நோன்புக்குள் நுழைந்துவிட வேண்டும் என்ற வீம்பு இன்னொரு பக்கம்.

எல்லாம் போச்சு என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். போனதுதான் போயிற்று, வயிற்றையாவது ஏன் காயப்போட வேண்டும் என்று மத்தியானம் பக்கத்துக் கடையில் பொரித்த கோழி வாங்கி வந்து சோற்றோடு ஒரு பிடி பிடித்தாள். கையைக் கழுவிய பிறகு புருஷனுக்குப் போன் செய்து புலம்பினாள். அவன் கடைசிவரை பொறுமையாகக் கேட்டான்.

"மறந்து சாப்பிட்டா நோன்பு முறியாதும்மா. பிஸ்கட் அல்லா குடுத்தது. கோழி நீயா வாங்கித் தின்னது."

சின்ன வயதில் ஓதிய பாடம்தான். இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டபோதாவது நினைவுக்கு வந்திருக்கக் கூடாதா? அவளுக்கு அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. இனி ஒரே வழிதான் இருந்தது. இன்று பிறை தெரியக் கூடாது. தெரியாவிட்டால் நாளை ஷாபான் முப்பது, அந்த ஒரு நாளில் ஏழாவதைப் பிடித்துவிடலாம். ஊரே பிறைக்காக ஏங்கும் நேரத்தில் இவள் மட்டும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மேகங்களை உற்சாகப்படுத்திக்கொண்டு வந்தாள். மேகங்களும் ஓரளவு ஒத்துழைத்தன.

வீட்டில் மாமியார் ஏற்கெனவே மொட்டைமாடி ஏறியிருந்தார், அதுவும் முழங்கால் வலியோடு. இரண்டு மாதத்துக்கு முன்புதான் அவருக்குக் கண் ஆபரேஷன் நடந்தது. நாலைந்து வருஷமாக மற்றவர்கள் "அதோ" என்று காட்டிய திக்கில் சும்மா தலையாட்டிவிட்டு, இந்த முறை தானே பார்ப்பேன் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். அக்கம்பக்கத்து மாடிகளிலும் ஆட்கள் நின்றார்கள். சூரியன் இறங்கிவிட்டது. யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. இன்று இல்லை போலிருக்கிறது என்று எதிர்மாடிக்காரர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இறங்கத் தொடங்கினார்.

அப்போதுதான் அவள் பார்த்தாள். இரண்டு மேகங்களுக்கு நடுவே, தூரத்து செல்போன் டவர் உச்சிக்குக் கீழே, மயிரிழை போல ஒரு கீற்று. கடிகாரத்துக்குள் தலைமுடி கனமே உள்ள கம்பிச்சுருளைத் தேடிப் பிடிக்கும் கண் அவளுடையது. ஏமாற வழியில்லை.

சுற்றிலும் மற்ற மாடிகளைப் பார்த்தாள். வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை. இன்னும் ஒரு நிமிஷம் போனால் மேகம் மூடிவிடும், நாளை தன்னுடையது. தொண்டை வரை வந்த சொல்லை அவள் விழுங்கிப் பார்த்தாள். பிஸ்கட்டைப் போல அது சுலபமாக இறங்கவில்லை. பக்கத்தில் மாமியார் கண்ணுக்கு மேல் கைவைத்து, வானத்தின் வேறொரு மூலையை விடாப்பிடியாகத் துழாவிக்கொண்டிருந்தார்.

"இல்லைன்னு இறங்கிடலாமாம்மா?" என்று கேட்டார்.

"மாமி, கொஞ்சம் இப்படித் திரும்புங்க."

அவர் தோளைப் பிடித்துத் திருப்பினாள். பின்னால் குனிந்து, தன் கன்னத்தை அவர் கன்னத்தோடு ஒட்டி, அவர் கையைத் தூக்கி, சுட்டுவிரலை டவர் உச்சிக்கு இரண்டு விரற்கடை கீழே நிறுத்தினாள். மேகம் நகர்ந்து வந்துகொண்டிருந்தது. மாமியார் மூச்சுவிடாமல் பார்த்தார். நீட்டிய விரல் தானாக மயிரிழை அளவு நகர்ந்து, கீற்றின் மேல் அசையாமல் நின்றது.