தவிட்டுக்கு வாங்கினவன்

என் பேரு சாத்திபால்டி. எங்க கிர்கிஸ் பேச்சுல 'விலைக்கு வாங்கினது'ன்னு அர்த்தம். ஆட்டுக்கு வைக்க வேண்டிய பேரை எனக்கு வச்சுட்டாங்க.

எனக்கு முன்னாடி அம்மாவுக்கு நாலு ஆம்பளப் புள்ளைங்க. ஒண்ணுகூட நடக்குற வயசுக்கு வரல. இந்த வாசல் சாவுக்குப் பழகிப்போச்சுன்னு ஊரே பேசிச்சு. அதனால நான் பொறந்ததும் துணியில சுத்தி, ஜன்னல் வழியா பக்கத்து வீட்டு ஜூராகிட்ட கொடுத்துட்டாங்க. வாசல் வழியா கொடுத்தா சாவு பாத்துடுமாம். ஜூரா பெத்ததெல்லாம் கல்லு மாதிரி நின்ன புள்ளைங்க. கொஞ்ச நாள் கழிச்சு அம்மா ஒரு மூட்டை தவிட்டைத் தூக்கிட்டுப் போயி, தெருவுக்கே கேக்குற மாதிரி பேரம் பேசி, யாரோ பெத்ததை வாங்குற மாதிரி என்னை வாங்கிட்டு வந்தா. சாவு ஏமாந்துச்சு, நான் பொழச்சேன்.

எங்க பக்கம் இப்படி வாங்கின புள்ளைங்க ஊருக்கு ஊர் உண்டு. மத்த அம்மாக்கள், புள்ள ஓடியாட ஆரம்பிச்சதும் அந்த நாடகத்தை விட்டுட்டு மடியில போட்டுக் கொஞ்சுவாங்க. எங்கம்மா விடல. ஒரு நாளும் என்னை மகனேன்னு கூப்பிட்டதில்ல. 'ஏ ஜூரா வீட்டுப் பையா, மாட்டைக் கட்டு', அவ்வளவுதான். தங்கச்சி பெகாயிமை மட்டும் கண்ணே மணியேன்னு உச்சி மோந்து பாப்பா. சாவுக்குப் பொட்டப்புள்ள மேல ஆசை இல்லையாம். என்ன நியாயமோ! பள்ளிக்கூடத்துல 'தவிடு'ன்னு கூப்பிட்டவன் மூக்கை உடைச்சிருக்கேன். வீட்டுல கூப்பிட்டவளை என்ன செய்ய முடியும்?

பட்டாளத்துக்குப் போற பையன் ஒரு ரொட்டியைக் கடிச்சு வச்சுட்டுப் போகணும். அவன் திரும்பி வந்து திங்கிற வரைக்கும் பெத்தவ அதைச் சுவத்துல மாட்டி வைப்பா. எனக்கு ரொட்டி நீட்டினது ஜூரா. அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் மாட்டுக்குப் புல்லு உதறிக்கிட்டிருந்தா. நிமிர்ந்துகூட பாக்கல. வயிறு எரிஞ்சுது எனக்கு. அந்த எரிச்சல் கல்யாணம் ஆகி, பேரன் எடுத்தும் அணையல.

போன வசந்தத்துல அம்மா படுத்துட்டா. டாக்டர் கையை விரிச்சுட்டாரு. ஜூரா செத்து ரொம்ப வருஷமாச்சு. இனி யாருக்காக இந்த வேஷம்? நல்ல வெயில் நேரம், கதவு திறந்து கிடந்துச்சு. நான் வெக்கத்தை விட்டு அவ கையைப் புடிச்சுக் கேட்டேன்.

"அம்மா, ஒரே ஒரு தடவை மகனேன்னு கூப்பிடு."

கண்ணைத் திறந்தா. என்னைப் பாக்கல, வாசலைப் பாத்தா. என் கையை உதறிட்டு, அந்த உடம்புல எங்கிருந்து வந்துச்சோ அவ்வளவு சத்தமா சொன்னா:

"இவன் என் புள்ள இல்ல. பக்கத்து வீட்டுப் பையன். நீ என்னை மட்டும் கூட்டிக்கிட்டுப் போ."

வாசல்ல யாரும் இல்ல. கொஞ்ச நேரத்துல மூச்சு நின்னுடுச்சு.

எங்க பக்கம் சாவு வீட்டுல, பொணத்தை வைக்கப் போடுற கூடாரத்துக்கு வெளியில மகன் கம்பை ஊனி நின்னு, வர்றவங்க காதுல விழுற மாதிரி, 'என்னைப் பெத்தவளே'ன்னு ஓலமிட்டு அழணும். நின்னேன். ஜனம் வந்துக்கிட்டே இருந்துச்சு. பெகாயிம் பக்கத்துல வந்து, அழுண்ணே, எல்லாரும் பாக்குறாங்கன்னு கிசுகிசுத்தா. வாய் வரைக்கும் வந்த வார்த்தையை முழுங்கினேன். ஆயுசு பூரா அவ கட்டிக் காத்ததை நான் ஒரு நொடியில காட்டிக் கொடுக்கறதா?

"நல்ல அண்டை வீட்டுக்காரி போயிட்டாளே"ன்னு அழுதேன்.

கல்நெஞ்சன்னு ஊரு காறித் துப்புச்சு. துப்பட்டும்.